லேமினேட் செய்த வேலை

என் அம்மா சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னது வாழ்நாளில் இரண்டே முறை. இரண்டும் என் வேலையைப் பற்றியவை. முதல் சாட்சி, சொன்ன ஐந்தாவது வாரமே பொய்யாகிப் போனது. அதைத் திருப்பி எடுத்துக்கொள்ள எங்களுக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் பிடித்தது.

சாட்சி என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஞாயிறு ஆராதனையில் பாட்டெல்லாம் முடிந்து பிரசங்கம் தொடங்குவதற்கு முன் பத்து நிமிஷம் ஒதுக்குவார்கள். கடவுள் தனக்குச் செய்த நன்மையைச் சொல்ல விரும்புகிறவர் எழுந்து நிற்கலாம். மைக் கைக்கு வரும். காய்ச்சல் விட்டது, பையன் அரியர் முடித்தது, தொலைந்துபோன வண்டிச் சாவி அரிசி டப்பாவில் கிடைத்தது என்று எதையும் சொல்லலாம். சேக்காட்டில் தகரக்கூரை போட்ட எங்கள் சபையில் எல்லாவற்றுக்கும் நேரம் உண்டு. சொன்ன சாட்சியை வாபஸ் வாங்க மட்டும் யாரும் நேரம் ஒதுக்கி வைக்கவில்லை.

நான் படித்தது ஏவியேஷன். பூந்தமல்லி தாண்டி ஒரு கல்லூரியில் மூன்று வருஷப் பட்டப் படிப்பு. சேர்ந்த முதல் நாள் எங்கள் முதல்வர், நாட்டில் விமானங்கள் வந்து குவிகின்றன, வேலை செய்யத்தான் ஆள் இல்லை என்று முக்கால் மணி நேரம் பேசினார். அவர் பேசிய வேகத்தில், மீனம்பாக்கத்தில் விமானங்கள் எல்லாம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எங்கள் வகுப்பு பாஸ் ஆகும்வரை காத்து நிற்பதாகவே எனக்குப் பட்டது. அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. அந்த நாட்களில் எங்களுக்கு மேல் வகுப்பில் இருந்தவர்களில், ஆங்கிலம் தடுமாறாமல் வந்தவர்களுக்கும் தடுமாறினாலும் சிரித்துக்கொண்டே தடுமாறியவர்களுக்கும் எங்காவது ஒரு வேலை கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. வேலை கிடைத்தவர்களின் புகைப்படங்களை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். கிடைக்காதவர்களின் புகைப்படத்துக்குப் பலகை கிடையாது என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை.

என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டால் சிரிப்பார்கள், ஆனாலும் சொல்கிறேன். எத்தனை பல் தெரியச் சிரிக்க வேண்டும், கழுத்துத் துணியை எப்படி முடிச்சுப் போட வேண்டும், கோபமாக இருக்கும் பயணியிடம் எந்தக் குரலில் மன்னிப்புக் கேட்க வேண்டும். எனக்குக் கோபமாக இருக்கும் பயணியைவிட அதிகக் கோபம் வரும் என்பதால் அந்தப் பாடத்தில் மட்டும் பார்டரில் பாஸ். எனக்குப் பிடித்தது ஒரே ஒரு பாடம்தான். விமானத்தில் எதை ஏற்றலாம், எதை ஏற்றக்கூடாது, ஏற்றினால் பெட்டியின் மேல் என்ன ஒட்ட வேண்டும் என்பது. பேட்டரி, ஸ்பிரே, பெயிண்ட், எல்லாவற்றுக்கும் ஒரு விதி உண்டு. கொப்பரைத் தேங்காயைக் கையோடு விமானத்துக்குள் கொண்டுபோக முடியாது, அதில் எண்ணெய் அதிகம், தீப்பிடிக்கும் என்று படித்த அன்றைக்கு வீட்டுக்கு வந்து அம்மாவின் சமையலறை அலமாரியையே சந்தேகத்தோடு பார்த்தேன்.

எங்கள் தெருவில் நான் என்ன படிக்கிறேன் என்பதை யாருக்கும் விளக்க முடியவில்லை. பைலட்டுக்குப் படிக்கிறது என்றார்கள் பாதிப் பேர். ஏர் ஹோஸ்டஸ் என்றார்கள் மீதிப் பேர். இரண்டும் இல்லை, கீழே நின்று டிக்கெட் பார்த்து அனுப்புகிறவள் என்று சொன்னால் அவர்கள் முகம் வாடிவிடும், அதனால் நானும் சொல்வதை விட்டுவிட்டேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் இருபத்தைந்து வருஷமாக லேத் ஓட்டும் அப்பா மட்டும் எதையும் நம்பவில்லை. ஒரு மெஷினை யார் கழற்றி மாட்டுகிறார்கள் என்று பார்க்காமல் அதில் ஏறவே கூடாது என்பது அவர் கொள்கை. ஆவடி பஸ்ஸில்கூட அவர் அப்படித்தான் சந்தேகத்தோடு ஏறுவார்.

கடைசி வருஷம் பிப்ரவரியில் ஒரு விமான நிறுவனம் கல்லூரிக்கு வந்தது. நடக்கச் சொன்னார்கள், நடந்தேன். சிரிக்கச் சொன்னார்கள், அளவாகச் சிரித்தேன். சுவரில் ஒட்டியிருந்த அளவுகோலின் கீழ் நிற்கவைத்து உயரம் பார்த்தார்கள். அதில்தான் தேறினேன் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஏப்ரலில் வந்து சேரலாம் என்று ஆஃபர் லெட்டர் கொடுத்தார்கள்.

அம்மா அதைப் படிக்கவில்லை, முகர்ந்து பார்த்தாள். பிறகு எடுத்துக்கொண்டு நேரே பாஸ்டர் ஐயா வீட்டுக்குப் போனாள். அவர் அந்தக் காகிதத்தின் மேல் கை வைத்து ஜெபித்து, ஜெப எண்ணெய் பூசினார். விரல் நுனியில் தொட்டு வைத்திருந்தால் போதும். அவருடைய உற்சாகத்தில் பாட்டில் சாய்ந்துவிட்டது. எண்ணெய் போய் நின்ற இடம் சேரும் தேதி இருந்த வரி. துடைத்தால் ஆசீர்வாதத்தைத் துடைத்த மாதிரி ஆகிவிடும் என்று அம்மா துடைக்கவிடவில்லை. மறுநாள் காலை ஆவடி மார்க்கெட்டுக்குப் போய் அதை அப்படியே லேமினேட் செய்துகொண்டு வந்தாள். எண்ணெய்க் கறை பிளாஸ்டிக்குக்குள் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது.

அந்த ஞாயிறே சாட்சி சொல்லப் போவதாக அம்மா அறிவித்தபோது, வேலையில் சேர்ந்த பிறகு சொல்லலாமே என்று நானும் அப்பாவும் கெஞ்சினோம். அம்மா சட்டையே செய்யவில்லை.

"கெடச்சப்புறம் நன்றி சொல்றது யார் வேணா சொல்லுவாங்க," என்றாள். "கெடைக்கிறதுக்கு முன்ன சொல்றதுதான் விசுவாசம்."

எங்கள் சபையில் இது ஒரு வழக்கம். வீடு கட்டுவதற்கு முன்பே வீட்டுக்காக நன்றி சொன்னவர்கள் உண்டு. வரன் வருவதற்கு முன்பே மருமகனுக்காக நன்றி சொன்னவர்களும் உண்டு. அம்மா எழுந்து நின்றாள். வீட்டில் பேசுகிற தமிழை ஓரமாக வைத்துவிட்டு, பாஸ்டர் ஐயாவின் தமிழைக் கடன் வாங்கி, கர்த்தர் தம் அடியாளை நினைத்தருளினார், என் மகளை ஆகாய மார்க்கத்தில் உயர்த்தி வைத்தார் என்று மைக்கில் சொன்னாள். ஜனங்கள் ஸ்தோத்திரம் என்றார்கள். ஆராதனை முடிந்து எல்லோருக்கும் கேசரி கொடுத்தோம். அம்மாவுக்குப் பக்கத்தில் எப்போதும் உட்காரும் தையல்கார அக்கா, இன்டர்வியூவுக்கு நான் போட்டிருந்த நீலக் கோட்டை அந்த வாரமே மூன்று தடவை பிரித்து இடுப்பில் பிடித்துத் தைத்துக் கொடுத்தார். காசே வாங்கவில்லை. விமானத்தில் போகிற கோட்டில் என் தையலும் போகட்டும் என்றார்.

மார்ச் மாதம் கொரோனா வந்து ஊரை மூடினார்கள். எங்கள் வீட்டுக்கு மேலே அடிக்கடி போகும் விமானங்களின் சத்தம் ஒருநாள் நின்றுவிட்டது. அது நின்ற பிறகுதான் அது இருந்ததே தெரிந்தது. ஏப்ரலில் ஒரு மின்னஞ்சல் வந்தது. என் சேர்க்கை மறு அறிவிப்பு வரும்வரை ஒத்திவைக்கப்படுகிறதாம், என் பொறுமைக்கு நன்றியாம். என்னிடம் பொறுமை இருப்பதாக அவர்களே முடிவு செய்துகொண்டது எனக்கு ஆத்திரமாக வந்தது. எனக்கு முந்தைய வகுப்பில் வேலைக்குப் போயிருந்தவர்களை ஒவ்வொருவராக வீட்டுக்கு அனுப்பினார்கள். அறிவிப்புப் பலகையில் சிரித்த ஒருத்தி வாட்ஸ்அப்பில் முகக்கவசம் விற்றாள். இன்னொருவன் வீட்டிலேயே பிரியாணி செய்து விற்றான். பொட்டலத்தை அவன் கொடுத்த மரியாதையில் மட்டும் படித்த படிப்பு தெரிந்தது.

ஆராதனை ஜூமுக்கு வந்தது. எங்கள் பிரச்சினையும் அங்கேதான் முற்றியது. முதல் ஞாயிறே பாஸ்டர் ஐயா, மருத்துவர்களுக்காக, காவல்துறைக்காக என்று வரிசையாக ஜெபித்துவிட்டு, இந்தக் கொள்ளைநோய் நாட்களில் ஆகாய மார்க்கமாய்ப் பணி செய்கிற நம்முடைய மகளை நோய்த்தொற்றுக்கு விலக்கிக் காத்தருளும் என்று முடித்தார். ஆகாய மார்க்கமாய்ப் பணி செய்கிற மகளான நான் நைட்டியோடு கட்டிலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அம்மா பாய்ந்து வந்து கேமராவை அணைத்தாள். திரையில் எங்கள் கட்டம் கறுத்துப் போனதும், பிள்ளை டியூட்டிக்குக் கிளம்பிவிட்டது போலும் என்று யாரோ சொன்னது கேட்டது.

அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒத்திதானே வைத்திருக்கிறார்கள், அடுத்த மாதம் கூப்பிட்டுவிட்டால் சாட்சி மறுபடி உண்மையாகிவிடுமே என்றாள் அம்மா. அடுத்த மாதமும் அதையே சொன்னாள். ஆகஸ்டில் நிறுவனம் ஒத்திவைப்பையும் ரத்து செய்துவிட்டது. அப்பாவின் லேத் கம்பெனி மூடியிருந்தது. திறந்தபோது பாதி ஆளைத்தான் உள்ளே விட்டார்கள், அப்பாவுக்கு வாரத்தில் இரண்டு நாள் வேலை. நான் நசரத்பேட்டையில் ஒரு பெரிய குடோனில் சேர்ந்தேன். ஊரெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு போனில் பொருள் வாங்கிக்கொண்டிருந்த சமயம். ஏவியேஷன் படித்தவள் என்றதும், விமானம் படித்தால் என்ன வண்டி படித்தால் என்ன, ஸ்கேன் செய்யத் தெரியுமா என்று கேட்டுச் சேர்த்துக்கொண்டார்கள்.

அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். வீட்டிலிருந்து கிளம்பும்போது அந்த நீலக் கோட்டும் கழுத்துத் துணியும் போட்டுக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். அப்பா என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு பருத்திப்பட்டு ஏரிக்கரை வரை போவார். கம்பெனி வேன் அங்கேதான் நிற்கும். தெருவில் பார்க்கிறவர்கள் ஏர்போர்ட்டா என்று கேட்பார்கள், நான் தலையை ஆட்டுவேன். முகக்கவசம் ரொம்ப உதவியாக இருந்தது. பொய் சொல்லுகிற முகத்தில் பாதியை அரசாங்கமே மூடி வைத்திருந்தது. வேனில் ஏறியதும் கோட்டைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைப்பேன். உள்ளே குடோன் டீ-ஷர்ட் இருக்கும். அப்பா இந்தக் கூத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரே ஒரு நாள், வேன் வருவதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பிளேன் பறக்குதோ இல்லியோ, இந்த வண்டி டைமுக்கு வந்துருது பாரு."

குடோனில் எங்கள் சூப்பர்வைசர் பூந்தமல்லிக்காரர். எல்லோரும் அவரை அண்ணாத்தே என்றுதான் கூப்பிடுவோம். முதல் நாளே நான் வேனில் கோட்டைக் கழற்றியதை அவர் பார்த்துவிட்டார். "இன்னா மேடம், பிளேன் லேண்ட் ஆயிட்சா?" என்றார். அதிலிருந்து என் பேர் மேடம். குடோன் மைக்கில் அறிவிப்புச் சொல்லும் வேலையும் என் தலையில் விழுந்தது. நான்காம் நம்பர் கதவில் நிற்கும் லாரி ஓட்டுநர் தயவுசெய்து வண்டியை நகர்த்தவும் என்று நான் மூன்று வருஷம் பயிற்சி பெற்ற குரலில் சொன்னால், லாரி நகராது. ஓட்டுநர்கள் இறங்கி வந்து இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்பார்கள். கடைசியில் அண்ணாத்தே மைக்கைப் பிடுங்கி ஒரே கத்து கத்துவார், லாரி நகரும்.

அங்கேதான் என் ஒரே நல்ல பாடத்துக்கு வேலை வந்தது. எங்கள் பெட்டிகளில் கொஞ்சம் மட்டும் விமானத்தில் போகும். அதில் பவர் பேங்க் இருக்கும் பெட்டிகள் ஏர்போர்ட் சரக்குப் பிரிவிலிருந்து அடிக்கடி திரும்பி வந்தன. ஏன் வருகின்றன என்று யாருக்கும் புரியவில்லை. சாமி குத்தம் என்று ஒருவர் எலுமிச்சம்பழம்கூடச் சுற்றினார். எனக்குப் பெட்டியைப் பார்த்ததுமே தெரிந்தது. பேட்டரி இருக்கிறது என்று சொல்லும் லேபிள் இல்லை, இருந்த பெட்டிகளில் அதை மூலையில் மடக்கி ஒட்டியிருந்தார்கள். அண்ணாத்தேவிடம் சொன்னேன். "நீயே ஒட்டு, பாப்போம்" என்றார். ஒட்டினேன். பெட்டிகள் திரும்பி வருவது நின்றது. அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் எனக்கு இருந்த சந்தோஷம், ஆஃபர் லெட்டர் வந்த அன்றுகூட இருந்ததில்லை. அதை வீட்டில் சொன்னேன். அப்பா எழுந்து வந்து தட்டில் இன்னொரு தோசை போட்டார். அம்மா, வெளியே யாரும் இல்லையே என்று கதவைச் சாத்தினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, கோபம் மாதிரிக் காட்டிக்கொண்டு எழுந்து போனேன்.

சபை மறுபடி திறந்ததும் என் பாடு இன்னும் திண்டாட்டம். ஆராதனை முடிந்தால் என்னைச் சுற்றி ஒரு கூட்டம் நிற்கும். துபாய்க்கு எப்போது விடுவார்கள், ஊறுகாய் கொண்டு போகலாமா, எத்தனை கிலோ, டெஸ்ட் எங்கே எடுக்க வேண்டும், டிக்கெட் கேன்சல் ஆனால் என்ன செய்வது. தெரியாது என்று சொல்ல முடியாது. வாரம் முழுக்கச் சாப்பாட்டு இடைவேளையில் போனில் தேடித் தேடிப் படித்து வைத்துக்கொண்டு ஞாயிறன்று பதில் சொன்னேன். விமான நிலையத்துக்குள் காலே வைக்காதவள், அங்கே வேலை செய்கிறவர்களைவிட அதிகம் தெரிந்துவைத்திருந்தேன்.

விமானங்கள் மறுபடி பறக்கத் தொடங்கின. ஆள் எடுக்கிறார்கள் என்று செய்தி வந்தது. லீவு போட்டுவிட்டு, அதே கோட்டில், அதே லேமினேட் காகிதத்தோடு போனேன். போன இடமெல்லாம் ஜாத்திரை மாதிரிக் கூட்டம். என் வகுப்பு, எனக்கு அடுத்த வகுப்பு, அதற்கும் அடுத்த வகுப்பு, மூன்றும் ஒரே வரிசையில் நின்றன. அதற்கு முன்னால், ஐந்தாறு வருஷம் வேலை பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள், டிரெய்னி வேலையாவது கொடுங்கள் என்று நின்றார்கள். முன்பு எங்கள் முதல்வர் ஆள் இல்லை, ஆள் இல்லை என்றாரே, அத்தனை ஆளும் அங்கேதான் நின்றிருந்தோம். இந்த இரண்டு வருஷம் என்ன செய்தாய் என்று எல்லா இடத்திலும் ஒரே கேள்வி. ஆன்லைனில் சான்றிதழ் படிப்புகள் படித்தேன் என்று மூன்று இடத்தில் சொன்னேன். எனக்கு முன்னால் போனவர்களும் பின்னால் போனவர்களும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். மூன்றிலும் எடுக்கவில்லை.

நான்காவது, சரக்குப் பிரிவு. அங்கே சிரிக்கச் சொல்லவில்லை, உயரம் பார்க்கவில்லை. மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி, தூக்கம் போதாத முகத்தோடு என் லேமினேட் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னம்மா கறை? சேர்ற தேதியே தெரியல."

"ஜெப எண்ணெய் சார். தெரிஞ்சிருந்தாலும் அன்னிக்குச் சேர்ந்திருக்க முடியாது சார்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே, ரெண்டு வருஷமா என்ன பண்ணீங்க என்று கேட்டார். ஆன்லைன் என்று வாய் வரை வந்தது. அதிகாலையிலிருந்து நின்ற கால்வலியோ, அவர் சிரித்ததோ, என் பயிற்சிக் குரல் எங்கோ ஓடிவிட்டது.

"நசரத்பேட்டைல குடோன்ல கீறேன் சார். பெட்டிக்கு லேபிள் ஒட்டிக்கினு கீறேன்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் எந்தக் குடோன் என்று கேட்டார். சொன்னேன். நிமிர்ந்து உட்கார்ந்தார். அங்கேயிருந்து பவர் பேங்க் பெட்டி நிறையத் திருப்பி அனுப்பினோமே, அப்புறம் திடீரென்று எல்லாம் சரியாக வர ஆரம்பித்ததே, என்ன ஆயிற்று என்றார். நான் அந்தக் கதையைச் சொன்னேன். எலுமிச்சம்பழத்தையும் விடவில்லை. அதற்குப் பிறகு அரை மணி நேரம் அவர் கேட்டதெல்லாம் எதை எப்படிக் கட்ட வேண்டும், எதன் மேல் எதை ஒட்ட வேண்டும் என்றுதான். ஒன்றுக்கும் நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அடுத்த வியாழக்கிழமை வேலைக்கான ஆர்டர் வந்தது.

அம்மா ஆர்டரைப் பார்த்ததும் ஓடினாள். செருப்புகூடப் போடாமல் தையல்கார அக்காவிடம் சொல்ல வாசல் கேட்டைத் திறந்தாள். திறந்த கை அப்படியே நின்றது. ஊரைப் பொறுத்தவரை அந்த வேலை எனக்குக் கிடைத்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதே. எதைப் போய்ச் சொல்வது? மெதுவாகக் கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். உண்மையிலேயே கிடைத்த வேலையை ஒரு மனுஷியிடம் சொல்ல முடியவில்லை. நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

சனிக்கிழமை தையல்கார அக்காவே தன் பெண்ணை அழைத்துக்கொண்டு வந்தார். பெண் பிளஸ் டூ முடித்திருந்தது. என் கல்லூரியில், என் படிப்பில், திங்கட்கிழமை அட்மிஷன் போடப் போகிறார்களாம்.

"ஊரே வேலையில்லாம நின்னப்பகூட உன் வேலை போவலியே," என்றார் அக்கா. "ஒங்கம்மா சாட்சிய கேட்டதுலர்ந்து இதுக்குத்தான் காசு சேத்துக்கினு வந்தேன்."

அந்தப் பெண் என் கோட்டைத் தொட்டுப் பார்த்தது. அவர்கள் போனதும், நீ சொல்கிறாயா நான் சொல்லட்டுமா என்று அம்மாவைக் கேட்டேன். கத்தித்தான் கேட்டேன். எங்கள் பொய்யை நம்பி எங்கள் வீட்டை நாங்கள் ஏமாற்றிக்கொண்டால் போகட்டும், அந்த வீட்டை ஏமாற்ற எனக்கு மனசு வரவில்லை. அம்மா சமையலறைக்குள் போய், கழுவி வைத்த பாத்திரத்தையெல்லாம் மறுபடி கழுவினாள். பிறகு, எழுந்து நின்னது நான், நானே சொல்றேன் என்றாள்.

மறுநாள் சாட்சி நேரம் வந்ததும் அம்மா எழுந்தாள். போன தடவை மாதிரி பாஸ்டர் ஐயாவின் தமிழில் தொடங்குவாள் என்று நினைத்தேன். காய்கறிக்காரரிடம் பேசுகிற தமிழில் தொடங்கினாள்.

"போன தடவ நான் நின்னுக்கினு சொன்னது நடக்கல. ஏர்போர்ட்காரங்க இத்த வேணான்னுட்டாங்க. ரெண்டு வருசமா எம் பொண்ணு நசரத்பேட்ட குடோன்லதான் வேல செஞ்சிது. நீங்கல்லாம் அது பிளேன்ல போவுதுன்னு ஜெபம் பண்ணீங்க, நானும் ஆமென் சொன்னேன். அவுங்கப்பா கம்பெனி மூடுனப்ப எங்க ஊட்ல அடுப்பு எரிஞ்சது அந்தக் குடோனாலதான். அதுக்கு நான் ஒருநாளும் நன்றி சொல்லல. பொண்ணுக்குக் கோட்ட மாட்டி அனுப்புனேன். இப்ப சொல்றேன். குடோனுக்காக ஸ்தோத்திரம்."

உட்கார்ந்துவிட்டாள். விமான நிலைய வேலை கிடைத்த விஷயத்தைச் சொல்லவே மறந்து போனாள்.

பாஸ்டர் ஐயா மைக்கை வாங்கக் கையை நீட்டினார். அப்போது, சபையில் பாட்டுக்குக்கூட வாயைத் திறக்காத என் அப்பா, ஆண்கள் பக்கத்திலிருந்து சத்தமாக ஸ்தோத்திரம் என்றார். பின் வரிசையில் ஓர் அம்மா எழுந்து மைக்கைக் கேட்டார். அவர் பையன் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருப்பதாகத்தான் நாங்கள் அறிந்திருந்தோம். ஹைவே பக்கத்தில் லாரியில் லோடு ஏற்றுகிறான், நல்லா இருக்கான், அதற்காக ஸ்தோத்திரம் என்றார். அவருக்குப் பின் இன்னொருவர். சாப்பாடு டெலிவரி செய்யும் பட்டதாரி மகளுக்காக ஒருவர். பத்து நிமிஷ சாட்சி நேரம் முக்கால் மணி நேரம் போனது, பிரசங்கத்துக்கு நேரம் போதவில்லை. இன்றைக்குத்தான் ஆராதனை நன்றாக இருந்தது என்றார் அப்பா வெளியே வந்ததும்.

தையல்கார அக்கா எங்களை நோக்கி வேகமாக வந்தார். கோபம்தான். குடோனுக்குப் போகவா அந்தக் கோட்டை மூன்று தடவை பிரித்துத் தைத்தேன் என்று அம்மாவை ஒரு பிடி பிடித்தார். அம்மா தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். பிறகு அக்கா என் பக்கம் திரும்பினார்.

"அத்த உடு. எம் பொண்ணு சேரலாமா வேணாமா? இப்பவாச்சும் நெசத்த சொல்லு."

தெரிந்ததைச் சொன்னேன். எனக்கு முந்தையவர்களுக்கு வேலை சுலபமாகக் கிடைத்தது, எங்களுக்குக் கிடைக்கவில்லை, இப்போது மறுபடி எடுக்கிறார்கள், நாளைக்கு என்ன ஆகும் என்று எங்கள் முதல்வருக்கும் தெரியாது. சிரிப்பதைக் கற்றுக்கொள்ளலாம், ஆனால் சரக்கு, பேட்டரி, லேபிள் என்று எவனும் மதிக்காத பாடத்தை ஒழுங்காகப் படிக்கச் சொல்லுங்கள் என்றேன். அப்போதுதான் எனக்கே வேலை கிடைத்த கதையும் வெளியே வந்தது. அக்கா நம்பவில்லை. எங்கள் வீட்டுச் சாட்சிக்கு அந்த அளவுக்குத்தான் மதிப்பு இருந்தது. வீட்டுக்கு வந்து ஆர்டரை நேரில் பார்த்த பிறகுதான் நம்பினார். பெண்ணுக்கு அதுதான் ஆசை என்பதால் திங்கட்கிழமை அட்மிஷனுக்கு நானும் கூடப் போனேன். போன வருஷம் படித்தவர்களில் எத்தனை பேர் இன்று வேலையில் இருக்கிறார்கள் என்று முதல்வரைக் கேட்டேன். அவர் அன்று மிகவும் சுருக்கமாகப் பேசினார்.

அந்தப் பெண் மூன்று வருஷம் படித்து, போன மாதம் கடைசித் தேர்வு எழுதியது. கேம்பஸில் ஆஃபர் லெட்டரும் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரம் என்று அறிவித்ததுமே தையல்கார அக்கா முகமெல்லாம் சிரிப்பாக எழுந்தார். மைக் பாதி வழி வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா அக்காவின் முந்தானையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்து உட்கார வைத்தாள்.

"குந்துக்கா," என்றாள். "மொதல்ல அது போயி வேலைல சேரட்டும்."